கும்மிடிப்பூண்டியில் கோட்டை கட்டுவது எப்படி?

பொறியியல் படித்தவர்கள், நாலு கட்டடம் கட்டி முடித்தவர்கள், ஐப்பசி மழையில் அஸ்திவாரக் குழிக்குள் மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைத்த அனுபவம் உள்ளவர்கள் எல்லோரும் தயவுசெய்து அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். திருவள்ளூர் மாவட்டத்தில் கொஞ்சம் நிலம், பாட்டன் விட்டுப்போன ஒரு பழைய வீடு, “நாமளே நின்னு கட்டிட்டா என்ன?” என்கிற துணிச்சல், இந்த மூன்று மட்டும் கைவசம் உள்ளவர்களுக்காகவே இந்த வழிகாட்டி.

காலமும் உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகர எல்லை 2022-ல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. நேற்றுவரை எருமை மேய்ந்த வரப்பு, இன்று பெருநகரத்தின் அங்கம். சிப்காட்டில் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் வாடகைக்கு அறை தேடுகிறார்கள். அவர்களுக்கு டீ வேண்டும், ரீசார்ஜ் வேண்டும், பரோட்டா வேண்டும். ஆகவே கீழே கடை, மேலே வீடு. நம் கடைத்தெருக்கள் எல்லாம் காலங்காலமாக அப்படித்தான் இருக்கின்றன. அதையே ‘கலப்புப் பயன்பாட்டுக் குடியிருப்பு வளாகம்’ என்று போர்டு எழுதிவிட்டால் சதுர அடிக்குச் சில நூறு ரூபாய் கூடுகிறது.

ஆரம்பிக்கும் முன் ஒரே ஒரு பொன்விதி. விஷயம் தெரிந்த ஆளிடம் எதையும் கேட்காதீர்கள். கேட்டால் பதில் சொல்லிவிடுவார். பதில் தெரிந்துவிட்டால் அதன்படி நடக்க வேண்டிவரும். நடந்தால் செலவு.

நிலம் பார்ப்பது

செங்கல்பட்டிலிருந்து 1997-ல் தனிக்குடித்தனம் வந்த மாவட்டம் இது. வரும்போது ஏரிகளில் நல்ல பங்கைச் சீதனமாகக் கொண்டுவந்துவிட்டது. பூண்டி, சோழவரம், புழல் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. போதாதென்று கும்மிடிப்பூண்டிப் பக்கம் கண்ணன்கோட்டை - தேர்வாய்க்கண்டிகை நீர்த்தேக்கம் 2020-ல் திறக்கப்பட்டது. சென்னையின் தாகத்தைத் தீர்ப்பதற்கென்றே இயற்கையும் அரசும் சேர்ந்து தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கும் மாவட்டத்தில், தண்ணீர் நிற்காத மனை எது என்று தேடுவது வீண் வேலை. தண்ணீர் நிற்காத மாதத்தில் போய்ப் பாருங்கள். சித்திரை வைகாசி உத்தமம்.

பட்டா, சிட்டா, தாய்ப்பத்திரம், முப்பது வருட வில்லங்கம் எல்லாம் வக்கீல் பார்ப்பார். மனைக்குக் குறுக்கே அந்த முப்பது வருடத்தில் எத்தனை முறை வெள்ளம் போனது என்று வில்லங்கச் சான்றிதழில் போடுவதில்லை. அது தெரிந்த ஒரே ஆள், எதிரே வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கும் பெரியவர். அவர் பக்கம் திரும்பாதீர்கள். திரும்பினால், “எங்க அப்பாரு காலத்துல இங்க பரிசல் போட்டுத்தான் அந்தாண்ட போவாங்க தம்பி” என்பார். வேறு வழியில்லாமல் காதில் விழுந்துவிட்டால் பதற வேண்டாம், விளம்பரத்தில் ‘லேக் வியூ’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஏரி பால்கனியிலிருந்து தெரியும் என்று வாங்குகிறவர் நினைத்துக்கொள்வார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பலருக்குக் கட்டிலிலிருந்தே தெரிந்தது.

புழல் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் கட்டடம் கட்டுவதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு என்று பெருநகர முழுமைத் திட்டத்தில் எழுதியிருக்கிறது. உங்கள் மனை அதில் வருகிறதா என்று புரோக்கரிடம் கேளுங்கள். அவர் வராது என்பார். இந்த வழிகாட்டி அனுமதிக்கும் விசாரணை இவ்வளவுதான்.

மண் பரிசோதனை என்று ஒன்று உண்டு. நாலைந்து இடத்தில் துளை போட்டு, எத்தனை அடியில் களி, எத்தனை அடியில் மணல், நிலத்தடி நீர் எங்கே நிற்கிறது என்று எழுதித் தருவார்கள். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் பல்லாயிரம் வருடம் மாறி மாறிக் கொண்டுவந்து கொட்டிய வண்டல் நாட்டில், பக்கத்து மனையின் மண்ணும் உங்கள் மனையின் மண்ணும் ஒன்றாக இருக்கும் என்று எந்த ஆறும் உத்தரவாதம் தரவில்லை. இருந்தாலும் பக்கத்து மனைக்காரரிடம் பழைய அறிக்கை இருந்தால் வாங்கி ஜெராக்ஸ் எடுத்துச் சர்வே நம்பரை மட்டும் மாற்றிக்கொள்வதே இங்கே வழக்கம்.

தோண்டும்போது உள்ளங்கைக்கு அடங்கும் அளவில், இருபுறமும் செதுக்கிய குவார்ட்சைட் கல் ஏதாவது கிடைத்தால் ஜல்லியோடு சேர்த்துக் கான்கிரீட்டில் போட்டுவிடாதீர்கள். பூண்டிக்குப் பக்கத்தில் கொசஸ்தலையாற்றங்கரையில் உள்ள அத்திரம்பாக்கத்தில் 1863-லேயே ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். பிற்பாடு சாந்தி பப்பு குழுவினர் அங்கே அகழ்ந்து, கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-ல் வெளியிட்டார்கள். இந்த மாவட்டத்தின் முதல் தொழிற்பேட்டை அதுதான். கற்கோடாரி செய்கிற வேலை, மூலப்பொருள் ஆற்றங்கரையிலேயே. கட்டட அனுமதி வாங்கியதற்கான தடயம் மட்டும் இதுவரை அகப்படவில்லை.

பெயர் வைப்பது

கட்டடத்துக்கு முன் பெயர் பிறக்க வேண்டும். பிரசுரம் அச்சாக வேண்டும் அல்லவா? இதில் நமக்கு நானூறு வருட முன்னுதாரணம் இருக்கிறது. 1613-ல் பழவேற்காட்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி எழுப்பிய கோட்டைக்கு கெல்ட்ரியா என்று பெயர். வெம்மர் வான் பெர்கெம் என்ற அதிகாரி தன் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தை நினைத்து வைத்தது. நம் பில்டர்களும் ஐரோப்பியப் பெயர்தான் வைக்கிறார்கள். அவர் வீட்டு நினைப்பில் வைத்தார், நாம் போகாத ஊரின் பெயரை வைக்கிறோம். கெட்டிச் சாலையே இல்லாத இடத்தில் ‘அவென்யூ’, தென்னைகளை வெட்டிய இடத்தில் ‘பாம் குரோவ்’. வெட்டப்பட்ட மரத்தின் பெயரைக் கட்டடத்துக்கு வைப்பதை அஞ்சலி என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

கெல்ட்ரியாவைப் பற்றி இன்னொன்றும் சொல்லலாம். வியாபார அலுவலகம், சரக்குக் கிடங்கு, அதிகாரிகள் குடியிருப்பு எல்லாம் ஒரே மதிலுக்குள். கூடவே ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலை. மாவட்டத்தின் முதல் கலப்புப் பயன்பாட்டு வளாகம் என்று அதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. குடித்தனத்துக்குப் பக்கத்திலேயே வெடிமருந்து வைத்த அந்த ஏற்பாட்டை இன்று தரைத்தளத்தில் 19 கிலோ சிலிண்டர்களை அடுக்கி வைத்திருக்கும் பிரியாணிக் கடைகள் தொடர்ந்து வருகின்றன.

கீழே கடை

யாருக்குக் கடை கொடுப்பது என்பதைக் கட்டடம் முடிந்தபின் யோசிக்க வேண்டும். முன்பே யோசித்தால் பிரியாணிக் கடைக்குப் புகைபோக்கி, சலூனுக்குத் தண்ணீர்க் குழாய், கிளினிக்குக்குத் தனிக் கழிவறை, கிரில் கடைக்குக் கொழுப்பு பிடிக்கும் தொட்டி என்று வரைபடத்தில் இடம் ஒதுக்க வேண்டும். பின்னால் யோசித்தால் செலவே இல்லை. இரண்டாம் மாடிப் படுக்கையறை ஜன்னலுக்கு ஒட்டினாற்போல ஒரு தகரக் குழாயை மேலே ஏற்றிவிட்டால் போதும். மேலே குடியிருப்பவர் சைவமா என்று குழாய் கேட்காது.

மின்சாரத்தில்தான் கலப்புப் பயன்பாட்டின் முழு அழகும் வெளிப்படும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். கடைக்கு வேறு கட்டணம். மாடிப்படி விளக்கு, லிப்ட், தண்ணீர் மோட்டார் போன்ற பொது உபயோகத்துக்கு இன்னொரு கட்டணம். மூன்று மீட்டர், மூன்று விலை. இதை நாலு குடித்தனக்காரர்கள் புரிந்துகொள்வதற்குள் ஐஸ்கிரீம் கடைக்காரர் தன் ஃபிரீசரை மாடிப்படி விளக்கின் பிளக்கில் சொருகியிருப்பார். சங்கக் கூட்டங்களுக்கு ஆள் வர வேண்டுமானால் இந்த மாதிரி விஷயங்களை விட்டுவைப்பது நல்லது. 2022-ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், உரிமையாளர் சங்கம் கட்டாயம் என்கிறது. சங்கத்துக்குச் சண்டையும் கட்டாயம் என்று அதில் எழுதாமல் விட்டது, எல்லோருக்கும் தெரியும் என்பதால் இருக்கலாம்.

இனித் தூண்கள். கடை எடுக்க வருகிறவர், “நடுவுல இந்தத் தூண் வேணாம் சார், ஷோரூம் மாதிரி ஓப்பனா இருக்கணும்” என்பார். மேலே படுக்கையறைச் சுவர் அந்தத் தூணின் தலையில் உட்கார்ந்திருக்கும். கட்டமைப்புப் பொறியாளரைக் கேட்டால், மேல்தளங்களில் செங்கல் சுவர்கள் இறுக்கமாக நிற்க, தரைத்தளம் மட்டும் ஷட்டரும் வெறும் தூணுமாக இருந்தால் ஆட்டம் முழுவதும் அந்த ஒரு தளத்திலேயே குவியும் என்பார். 2001 குஜராத் பூகம்பத்தில் அகமதாபாத்தில் கார் நிறுத்தத் தரைத்தளத்தைத் திறந்துவிட்ட அடுக்குமாடிகள் அப்படித்தான் உட்கார்ந்துபோயின என்றும் சொல்வார். 2002-ல் சென்னை மூன்றாம் நிலநடுக்க மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டதையும் ஞாபகப்படுத்துவார். மாடியில் தூண் ஆரம்பித்துக் கீழே தூண் இல்லாமல் உத்திரத்தின் மேல் நிற்கவைப்பதற்கு அவர் கையெழுத்துப் போட மாட்டார். பொன்விதி எதற்கு இருக்கிறது? அவரைக் கேட்காதீர்கள். வரைபடத்தில் ஏற்கெனவே வாங்கிய கையெழுத்து இருக்கிறது, தூணை மட்டும் தளத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

2014 ஜூன் 28 மாலை, மழையில், மவுலிவாக்கத்தில் கட்டி முடியும் தறுவாயில் இருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்தது. 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கட்டட வேலைக்கு ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் உள்மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள். அன்று கூலி வாங்கும் சனிக்கிழமை. பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்தக் கட்டடத்துக்கும் அனுமதி இருந்தது, வரைபடம் இருந்தது, முத்திரை இருந்தது. அடுத்த வாரமே நம் மாவட்டத்தில், செங்குன்றம் பக்கம், ஒரு கிடங்கின் உயரமான சுற்றுச்சுவர் மழையில் விழுந்து, அதை ஒட்டிப் போட்ட குடிசைகளில் தூங்கிய 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். வேலையாட்களுக்குக் கொட்டகை எங்கே போடுவது என்ற கேள்விக்கு வழக்கமான பதில் ‘சுவரை ஒட்டி’ என்பதுதான். ஒரு பக்கத் தகரம் மிச்சம்.

கம்பி, மணல், ஆட்கள்

கும்மிடிப்பூண்டியில் கட்டுகிறவருக்கு உலகில் வேறு யாருக்கும் இல்லாத ஒரு வசதி உண்டு. பழைய இரும்பை உருக்கி டி.எம்.டி. கம்பி உருட்டும் ஆலைகள் வரிசையாக அங்கேயே இருக்கின்றன. ராத்திரியில் உலை வெளிச்சம் தெரியும், காற்று திரும்பினால் புகையும் வரும். அங்கே உருண்ட கம்பி ஆலை வாசலிலிருந்து சென்னைக்குப் போய், டீலர் கிடங்கில் ஓய்வெடுத்து, லாரி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி எல்லாம் சேர்த்துக்கொண்டு உங்கள் மனைக்குத் திரும்பி வரும். ஆலைக்கும் மனைக்கும் நடுவே ஒரு ரயில்வே கேட்டுதான் இருக்கும். பரவாயில்லை, ஊர் சுற்றி வந்த கம்பிக்கு அனுபவம் அதிகம்.

கம்பியை எடை போட்டு வாங்க வேண்டும் என்பார்கள். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ இருக்க வேண்டும். இந்தக் கணக்கு கம்பி கட்டுகிற பையனுக்கு மனப்பாடம். கையில் தூக்கியதுமே, “சார், இது அடி வாங்குது” என்று சொல்லிவிடுவான். எனவே கம்பி இறங்கும் நேரத்தில் அவனை டீ வாங்க அனுப்பிவிடுங்கள். ஆற்று மணல் கிடைக்காமல் எம்-சாண்ட் வாங்குவீர்கள். எம்-சாண்ட் என்ற பெயரில் கிரஷர் தூசு வருகிறதா என்று பார்க்க ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டால் போதும், மேலே படியும் மாவு சொல்லிவிடும். அதற்கு ஒரு கண்ணாடி டம்ளரும் சில மணி நேரமும் ஆகும். உங்களுக்கு ஏது நேரம்?

செங்கல்லுக்கும் வெளியே போக வேண்டாம், சூளைகள் மாவட்டத்திலேயே இருக்கின்றன. பொங்கல் கழிந்ததும் ஒடிசாவின் பலாங்கீர் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து, முன்பணத்துக்குக் கல் அறுத்து, மழைக்கு முன் திரும்புகிறார்கள். சென்ட்ரிங் ஆட்கள் பீகார், கொத்தனார் திருவண்ணாமலை, மார்பிள் போடுகிறவர் ராஜஸ்தான், மேஸ்திரி உள்ளூர். இத்தனை பேரையும் ‘ஹிந்திக்காரங்க’ என்று ஒரே சொல்லில் நிர்வகிப்பதுதான் மேலாண்மை. அவர்கள் சாத் பூஜைக்கும் ஹோலிக்கும் ஊருக்குப் போவது வருடா வருடம் நடக்கிறது. வருடா வருடம் நீங்களும் அதிர்ச்சியடைய வேண்டும்.

கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் நலநிதிக்குக் கட்டச் சொல்லித் தனிச் சட்டம் வந்தது. நாற்பத்தொன்பது சித்தாள் என்று மஸ்டர் எழுதத் தெரிந்த எவரும் காப்பகத்தைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. குழந்தைகள் மணல்மேட்டில் விளையாடுகின்றன, ஒன்றரை வயதுக்காரன் தூளியில் தூங்குகிறான், தூளி கட்டியிருப்பது சென்ட்ரிங் முட்டில்.

முட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. தளம் ஒட்டிய பிறகு எப்போது பிரிப்பது? ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநிலை, பதினைந்து அடிக்குள் அகலமான தளத்துக்கு ஏழு நாள், அதற்கு மேல் பதினாலு நாள், இருபதடிக்கு மேல் போகும் உத்திரத்துக்கு இருபத்தொரு நாள் முட்டு நிற்க வேண்டும் என்கிறது. ஷீட்டுக்கும் முட்டுக்கும் வாடகை தினக்கணக்கில் ஏறும். இந்த உரையாடல் எல்லாக் கட்டடத்திலும் ஒரு தடவை நடக்கும்:

“மேஸ்திரி, எப்பப் பிரிக்கிறீங்க?”

“பதினாலு நாள் போவணும் சார்.”

“நாளைக்கு எட்டாவது நாள் ஆவுது. வாடகை எவ்ளோ ஏறுது தெரியுமா?”

“சார் சொன்னா பிரிச்சுடலாம். பிரிக்கும்போது சார் மட்டும் கொஞ்சம் உள்ள வந்து, இந்த நடு ரூம்ல சேர் போட்டு உக்காந்துக்கணும்.”

இந்த மாதிரி மேஸ்திரியை உடனே மாற்றிவிடுங்கள். உங்கள் வாட்ஸ்அப் குழுவில் ‘ஓகே சார்’ என்று மட்டும் பதில் போடும் மேஸ்திரிகள் நிறைய இருக்கிறார்கள்.

தண்ணீர் ஆற்றுவதைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். வாட்ச்மேனிடம் சொல்லுங்கள். அவர் மோட்டார் போட்டதாகச் சொல்வார். மழை வந்தால் இரண்டு பேருக்கும் நிம்மதி.

விற்பது

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-ல் வந்தது. மனை 500 சதுர மீட்டருக்கு மேலும் வீடுகள் எட்டுக்கு மேலும் போனால் பதிவு செய்ய வேண்டும். வாங்குகிறவர்கள் தரும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து அந்தக் கட்டடத்துக்கே செலவிட வேண்டும். ஒரு கட்டடத்தின் பணத்தில் அடுத்த கட்டடத்துக்கு நிலம் வாங்கி, அதன் முன்பணத்தில் முதல் கட்டடத்துக்குத் தளம் ஒட்டிய பொற்காலம் அதோடு முடிந்தது என்று சட்டம் நம்புகிறது. எட்டெட்டு வீடுகளாக மூன்று பிளாக், மூன்றுக்கும் மூன்று பெயர், நடுவில் ஒரு வெள்ளைக் கோடு என்று சிலர் யோசிப்பதுண்டு. எல்லாக் கட்டங்களையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆனால் சட்டத்தை வாசித்தவரைக் கேட்பதில்லை என்பது நம் கொள்கை.

ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டமைப்பில் குறை வந்தால் சொந்தச் செலவில் சரிசெய்து தர வேண்டும் என்பது இன்னொரு பிரிவு. ஐந்து வருடம் என்பது ஐந்து வடகிழக்குப் பருவமழை. மொட்டை மாடித் தண்ணீர் எந்த மூலையில் இறங்கும் என்பதை முதல் மழையே காட்டிவிடும். மீதி நாலு மழைக்கும் “அது வெறும் ஹேர்லைன் கிராக்தான் சார்” என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

பாட்டன் வீடு

கடைசியாக, எனக்குப் பிடித்த பகுதிக்கு வந்துவிட்டோம். திருவள்ளூரில் வீரராகவப் பெருமாள் கோயிலைச் சுற்றியோ, பழவேற்காட்டிலோ உங்களுக்குப் பூர்வீக வீடு ஒன்று இருக்கலாம். திண்ணை, முற்றம், தேக்குத் தூண், மெட்ராஸ் டெரஸ் கூரை. உங்களுக்கு அதை ‘ஹெரிடேஜ் ஹோட்டல்’ ஆக்க ஆசை. காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் நகரத்தார் வீடுகள் விருந்தினர் விடுதிகளாகி, வெளிநாட்டுக்காரர்கள் வாழையிலையில் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். நம்மாலும் முடியாதா?

முடியும். முதலில் பழவேற்காட்டில் வீடு என்றால் நாடா பிடித்து அளந்துகொள்ளுங்கள். அங்கே உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும் என்று 2010-ல் சட்டம் திருத்தப்பட்டது. கல்லறைத் தோட்ட வாசலில் மணற்கடிகாரத்தோடு ஓர் எலும்புக்கூடு செதுக்கப்பட்டிருக்கிறது. அனுமதிக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவர்கள் அதை வந்து பார்ப்பது ஆறுதலாக இருக்கும். கெல்ட்ரியாக் கோட்டையோ இன்று மேடும் அகழியும் புதருமாகக் கிடக்கிறது. அதை ஹோட்டலாக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.

பழைய கட்டடத்தை மாற்றுவதில் தமிழ்நாட்டில் இரண்டு வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. சேப்பாக்கத்தில் ஆற்காட்டு நவாப்பின் கலச மகால் 2012 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்தது. பொதுப்பணித் துறையினர் சுண்ணாம்புச் சாந்து அரைத்து, மெட்ராஸ் டெரஸ் போடத் தெரிந்த ஆட்களைத் தேடிப் பிடித்து, பழைய முறையிலேயே மீட்டெடுத்தார்கள். இப்போது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே நடக்கிறது. இது நீண்ட வழி. இன்னொன்று, அண்ணா சாலையில் 1897-ல் எழும்பிய பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம். 2006-ல் இடிக்கத் தொடங்கினார்கள், இன்டாக் அமைப்பு நீதிமன்றத்துக்குப் போய் நிறுத்தியது. இடிக்கவும் முடியாமல் எடுத்துக் கட்டவும் இல்லாமல், கோபுரத்தில் செடி முளைத்துப் பல வருடங்கள் நின்றது. இந்த இரண்டாவது வழிக்கு நிபுணர் யாரும் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள்.

நாம் மூன்றாவதாக ஒன்றைச் செய்யப்போகிறோம். முதலில் தேக்குத் தூண்களையும் நிலைக்கதவுகளையும் பழைய சாமான் வியாபாரியிடம் எடைக்குப் போடுங்கள். அவை காரைக்குடிக்குப் போகும். ஆறு மாதம் கழித்து உள் அலங்கார நிபுணர் ‘ஒரு பழைமைத் தோற்றம் வேண்டும்’ என்பார். காரைக்குடிக்குப் போய்ப் பத்து மடங்கு விலை கொடுத்து வேறு யாருடைய தாத்தாவின் தூண்களையாவது வாங்கி வாருங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் உங்களுடையதே கிடைக்கும்.

அடுத்தது கூரை. மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்கு உத்திரங்களின் மேல் சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் சாய்வாக, செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுக் கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, தட்டோடு பதிப்பது. சாந்தில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் ஊற்றுவார்கள், மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பார்கள். அடிக்கும்போது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஒரே தாளத்தில் தட்டிக்கொண்டே வருவார்கள். வெயிலில் அறை குளிர்ச்சியாக இருக்கும். இதில் இணைந்த குளியலறை வேண்டும் என்று உத்திரத்தின் மேல் கிரானைட், தொட்டி, வெந்நீர்க் கலன் எல்லாவற்றையும் ஏற்றுங்கள். கசிவு தேக்கின் முனையில், சுவருக்குள் புகும் இடத்தில்தான் முதலில் இறங்கும். வெளியே தெரியாது. தெரியாதவரை பிரச்சினையும் இல்லை.

சுவர் இன்னும் சுலபம். நூறு வருடச் சுண்ணாம்புச் சுவர் அடியிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், பூச்சு வழியாக வெளியே விட்டுவிடும். அப்படித்தான் அது நூறு வருடம் இருந்தது. நீங்கள் அதன்மேல் சிமென்ட் பூச்சும், அதன்மேல் வாட்டர்புரூஃப் பெயின்ட்டும் அடிப்பீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள் ஏறிக்கொண்டே போகும். உப்பு பூக்கும். இரண்டு மழைக்காலத்தில் சிமென்ட் பூச்சு, ஒட்டியிருந்த பழைய செங்கல்லின் முகத்தையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு, பலகை பலகையாக விழும். மறுபடி சிமென்ட் பூசுங்கள். கோயில் திருப்பணிகளில் சுண்ணாம்பு வேலை பார்த்த வயதான கொத்தனார் ஒருவர் அந்தத் தெருவிலேயே இருப்பார். காலையில் டீக்கடையில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டேயிருப்பார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் வந்து, “தம்பி, சிமென்ட்டைச் சுரண்டி எடுத்துடுங்க. கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கியாங்க, நான் ஊறப்போட்டுத் தரேன். கூலி கூட வேணாம்” என்பார். மரியாதையாகப் பேசி அனுப்பிவிடுங்கள். மாதக்கணக்கில் சாந்து ஊறவைத்துக் காத்திருக்கச் சொல்லுவார், உங்களுக்குத் தை மாதத்தில் திறப்பு விழா.

திறப்பு விழா நடக்கும், அமைச்சர் வருவார், பூசணிக்காய் உடையும். முதல் விருந்தினர் மறுநாள் காலை தோள்பட்டையில் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டு இறங்கி வருவார். படுக்கைக்குப் பின்னால் சுவர் உதிர்கிறது என்பார். கல்லாவில் இருக்கும் பையனுக்கு முன்பே சொல்லி வையுங்கள்: இது பதினெட்டாம் நூற்றாண்டுச் சுவர், தொடுவதற்கு அனுமதி உள்ள அறை என்பதால்தான் ராத்திரிக்கு ஐந்நூறு ரூபாய் கூடுதல், ஜி.எஸ்.டி. தனி.